ஒன்ராறியோ வீட்டுப் புற்றரையில் மேல்விதைப்பும் ஓராண்டுப் பராமரிப்பும்: முழுமையான வழிகாட்டி

மார்க்கம், பிரம்ரன், ஏஜக்ஸ், மில்ரன் போன்ற நகரங்களின் புதிய குடியிருப்புகளில் வீட்டின் முன்னால் உள்ள புல், முதல் நான்கைந்து ஆண்டுகள் பச்சைப்பசேலென்று இருந்துவிட்டு, அதன்பிறகு ஆண்டுக்காண்டு ஐதாகிக்கொண்டு போவது வழமை. இதற்குப் பெரும்பாலும் வீட்டுக்காரரின் கவனக்குறைவு காரணமல்ல. வீடு கட்டும்போது மேல்மண் வழித்தெடுக்கப்படுகிறது. கனரக இயந்திரங்கள் மாதக்கணக்கில் ஓடுவதால் அடியிலுள்ள களிமண் இறுகிப்போகிறது. கடைசியில் அந்த இறுகிய களியின்மேல் மெல்லிய மண்படை ஒன்றைப் பரவி, பண்ணையிலிருந்து சுருள் சுருளாக வந்த சொட் புல்லை விரித்துவிடுகிறார்கள். அந்தப் புல் பெரும்பாலும் கென்ரக்கி புளூகிராஸ் என்ற ஒரே இனமாக இருக்கும். தண்ணீரும் பசளையும் தாராளமாகக் கிடைக்கும்வரை அது அழகாகவே இருக்கும்; ஆனால் வேர் ஆழமாக இறங்க இடமில்லாத மண்ணில், வறண்ட கோடைகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் ஆங்காங்கே பட்டுப்போகும். பட்டுப்போன இடங்களை டன்டிலையன், கிராப்கிராஸ் போன்ற களைகள் பிடித்துக்கொள்ளும்.

இவ்வாறு ஐதான தரையைக் கொத்திப் புரட்டாமல், இருக்கும் புல்லை வைத்துக்கொண்டே அதனிடையே புதிய விதையைத் தூவி அடர்த்தியாக்குவதுதான் மேல்விதைப்பு. தரையில் பாதிக்கு மேல் நல்ல புல் உயிரோடு இருந்தால் இது போதும். பாதிகூட இல்லையென்றால் முழுத் தரையையும் புதிதாக அமைப்பதைப் பற்றி யோசிப்பதே நல்லது. ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல், அழகுக்காக மட்டும் பீடைநாசினி தெளிப்பது சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அகன்ற இலைக் களைகளுக்கு முன்னர் எல்லோரும் அடித்த 2,4-டி போன்ற மருந்துகளை இன்று வீட்டுப் புல்லுக்குப் பயன்படுத்த முடியாது. ஆகவே களைக்கு எதிராக வீட்டுக்காரரின் கையில் எஞ்சியிருக்கும் முதன்மையான ஆயுதம், களைவிதைக்கு வெளிச்சம் கிடைக்காதபடி அடர்ந்து நிற்கும் புல்தான்.

விதையை வாங்கித் தூவுவது அரைமணி நேர வேலை. அதற்கு முன்னால் மண்ணைத் திறந்துவைப்பதிலும், அதற்குப் பின்னால் மூன்று கிழமைகள் ஈரம் காப்பதிலும்தான் மேல்விதைப்பின் வெற்றி தங்கியிருக்கிறது. கடையில் மிக விலை உயர்ந்த விதையை வாங்கி, இறுகிய தரையில் அப்படியே வீசிவிட்டுப் போகிறவர் உண்மையில் குருவிகளுக்கே தீனி போடுகிறார்.

எப்போது செய்ய வேண்டும்

தென் ஒன்ராறியோவில் ஓகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்ரெம்பர் நடுப்பகுதி வரையான காலமே மேல்விதைப்புக்கு மிகச் சிறந்தது. அப்போது கோடை முழுவதும் வாங்கிய சூடு மண்ணில் இன்னும் இருப்பதால் விதை விரைவாக முளைக்கும். இரவுகள் குளிரத் தொடங்கியிருப்பதால் ஈரம் சீக்கிரம் உலராது. கிராப்கிராஸ் தன் ஆயுளின் முடிவை நெருங்கிக்கொண்டிருக்கும். ரொறன்ரோவைச் சூழ்ந்த புறநகர்களில் முதல் உறைபனி பெரும்பாலும் ஒக்ரோபர் முதற்பாதியில் விழுகிறது. அதற்கு முன் இளம் புல்லுக்கு ஆறு கிழமைகளாவது வளரக் கிடைத்தால் அது மாரியைத் தாங்கும். செப்ரெம்பர் கடைசிவரை இழுத்தடித்தால், முளைத்த நாற்று வேர் பிடிக்குமுன் நிலம் குளிர்ந்துவிடும்.

மே மாதம் முதல் வெயிலைக் கண்டதும் விதைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கும் பழக்கம் பலரிடம் உண்டு. கடைகளும் அப்போதுதான் விதைகளை வாசலில் அடுக்கிவைக்கின்றன. வசந்தத்தில் போட்ட விதையும் முளைக்கத்தான் செய்யும். ஆனால் அதே வேளையில் கிராப்கிராஸும் முளைக்கும். நாற்றின் வேர் விரலளவு இறங்குமுன் ஜூலை வெயில் வந்துவிடும். மாரியில் செத்துப்போன வெற்றிடங்களை நிரப்புவதற்கு வசந்த விதைப்பு உதவும், முழுத் தரையையும் அடர்த்தியாக்குவதற்கு உதவாது என்பதே என் கருத்து.

செப்ரெம்பரைத் தவறவிட்டவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நவம்பரில் மண்ணின் வெப்பநிலை ஏறக்குறைய 4 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கியபின், நிலம் உறையுமுன் விதையைத் தூவிவிட்டால் அது முளைக்காமல் உறங்கிக் கிடந்து, பனி உருகியதும் தானாக எழும்பும். இதில் ஒரு பகுதி விதை வீணாகும் என்பதால் சற்றுக் கூடுதலாகப் போட வேண்டும்.

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்

புல் ஏன் ஐதாயிற்று என்று தெரியாமல் விதைத்தால், பழைய புல்லுக்கு நேர்ந்ததே புதிய புல்லுக்கும் நேரும். ஆகவே ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென்று ஒதுக்கிக்கொண்டு தரையைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

பழுப்பான இடத்தில் புல்லைக் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். வேரே இல்லாமல் அது பாயைச் சுருட்டுவதுபோல் எழும்பி வந்தால், அடியில் வெண்புழுக்கள் இருக்கின்றன என்று அர்த்தம். யூரோப்பியன் சேஃபர், ஜப்பானிய வண்டு, ஜூன் வண்டு ஆகியவற்றின் புழுக்களே இங்கு வேர்களைத் தின்பவை. வெள்ளை உடலும் மண்ணிறத் தலையுமாக, கையில் எடுத்தால் வளைந்து சுருண்டுகொள்ளும். ஓரடிக்கு ஓரடி சதுரமாகப் புல்லை வெட்டி மடக்கிப் பார்த்து எண்ண வேண்டும். இரண்டு மூன்று புழுக்கள் இருந்தால் ஆரோக்கியமான புல் தாங்கிக்கொள்ளும். பத்தை எட்டினால் மருத்துவம் தேவை. இலையுதிர்காலத்தில் ஸ்கங்க்கும் றக்கூனும் இரவில் வந்து தரையைக் கிளறிவிட்டுப் போகின்றன என்றால் அவை தேடுவதும் இந்தப் புழுக்களைத்தான்.

கடைகளில் விற்கப்படும் நெமற்றோட் எனும் நுண்புழுக்கள் இதற்குச் சட்டபூர்வமான, நல்ல தீர்வு. வெண்புழுவுக்கு உரியது ஹெற்றரோராப்டிற்றிஸ் பாக்ரீரியோஃபோரா என்ற இனம்; பெட்டியில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இவை உயிருள்ளவை. கடையில் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தவையா, காலாவதித் திகதி கடக்கவில்லையா என்பதைக் கவனித்து, வாங்கிய உடனேயே பயன்படுத்த வேண்டும். ஓகஸ்ட் கடைசியிலும் செப்ரெம்பர் முதற்பாதியிலும் புழுக்கள் சிறியவையாக, மண்ணின் மேற்பகுதியில் இருக்கும். அதுவே உரிய காலம். முதலில் தரையை நன்றாக நனைத்து, வெயில் சாய்ந்தபின் தெளித்து, மறுபடி நனைத்து, அடுத்த ஒரு கிழமைக்கு மண்ணை உலரவிடாமல் வைத்திருக்க வேண்டும். மேல்விதைப்புக்கும் அதே ஈரம்தான் தேவை என்பதால் இரண்டையும் ஒன்றாகச் செய்வது வசதி.

புல் அப்படிப் பாய்போல எழும்பவில்லை, ஆனால் ஜூலை வெயிலில் நடைபாதை ஓரமும் ட்ரைவ்வே ஓரமும் வைக்கோல் நிறமாகி, தண்ணீர் விட்டும் தேறவில்லை என்றால் சின்ச் பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு பக்கமும் மூடி நீக்கிய ஒரு ரின்னை, பச்சையும் பழுப்பும் சந்திக்கும் எல்லையில் மண்ணுக்குள் அழுத்தி, அதை நீரால் நிரப்பிப் பத்து நிமிடம் காத்திருந்தால், கறுப்பு உடலில் வெள்ளைச் சிறகு மடித்த சின்னஞ்சிறு பூச்சிகள் மிதந்து மேலே வரும். இதற்கு மருந்தைவிட விதைத் தெரிவே நிலையான தீர்வு; அது கீழே வருகிறது.

மற்றக் காரணங்களைக் கண்ணாலேயே காணலாம். திருகாணிச் செலுத்தியை மண்ணில் குத்தினால் இறங்க மறுக்கிறது என்றால் மண் இறுக்கம். வீதியோரமும் ட்ரைவ்வே விளிம்பும் மட்டும் வசந்தத்தில் செத்துக் கிடந்தால் மாரியில் கொட்டிய உப்பு. நாளுக்கு நான்கு மணி நேர நேரடி வெயில்கூட விழாத இடமென்றால் நிழல்.

மண்ணைப் பரிசோதிக்க விரும்புகிறவர்கள் மண் பரிசோதனை ஆய்வுகூடம் ஒன்றுக்கு மாதிரி அனுப்பலாம். ஒரு விடயத்தை மட்டும் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடலாம்: ரொறன்ரோவைச் சூழ்ந்த நிலம் சுண்ணாம்புக் கல்லிலிருந்து உருவான, இயல்பாகவே காரத்தன்மை கொண்ட மண். ஆகவே வசந்தம்தோறும் புல்லுக்குச் சுண்ணாம்பு வாங்கிப் போடும் வழக்கம் இங்கு அநேகமாகப் பணத்தை விரயம் செய்வதே.

எந்த விதை

பையின் முகப்பில் உள்ள பச்சைப் படத்தைப் பார்க்காமல், பின்புறம் அச்சிடப்பட்டுள்ள இனப்பட்டியலைப் படிக்க வேண்டும். கென்ரக்கி புளூகிராஸ் நிலத்தடித் தண்டால் பரவி வெற்றிடங்களைத் தானே மூடக்கூடியது, கடுங்குளிரைத் தாங்குவது. ஆனால் முளைக்க இரண்டு முதல் நான்கு கிழமைகள் எடுக்கும், நிழலை விரும்பாது. பெரனியல் ரைகிராஸ் ஐந்து முதல் பத்து நாட்களில் முளைத்துவிடும், மிதிபடுவதைத் தாங்கும். பரவாது, நின்ற இடத்திலேயே தூராக நிற்கும். ஃபைன் ஃபெஸ்கியூ வகைகள் மெல்லிய ஊசியிலை கொண்டவை. நிழலையும் வறண்ட, வளம் குறைந்த மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். பிள்ளைகள் பந்தடிக்கும் பின்வளவுக்கு ஏற்றவை அல்ல. டோல் ஃபெஸ்கியூவின் வேர் மற்ற மூன்றையும்விட ஆழமாக இறங்குவதால் கோடையில் கடைசியாகப் பழுப்பாவது அதுதான். இலை சற்று அகலமானது என்பதால் கென்ரக்கிப் புல்லின் நடுவே திட்டுத்திட்டாகப் போட்டால் வேறுபாடு கண்ணில் உறுத்தும்.

வெயில் விழும் முன்வளவுக்குக் கென்ரக்கி புளூகிராஸும் பெரனியல் ரைகிராஸும் கலந்ததையும், வீட்டின் வடபுறத்துக்கும் மரநிழலுக்கும் ஃபைன் ஃபெஸ்கியூ பெரும்பங்கு உள்ளதையும் தெரிவுசெய்யலாம். தண்ணீர் விட நேரமில்லாதவர்கள் முழுத் தரைக்கும் டோல் ஃபெஸ்கியூவை முதன்மையாகக் கொண்ட கலவையைப் போட்டு, மூன்று நான்கு ஆண்டுகளில் தரையை அந்த இனத்துக்கே மாற்றிவிடலாம். ரொறன்ரோ வெயிலுக்கும் களிமண்ணுக்கும் இதுவே எதிர்காலம் என்று நினைக்கிறேன்.

கலவை வாங்கும்போது எடைவிகிதம் ஏமாற்றும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கென்ரக்கி விதை மிகச் சிறியது. ஒரே எடையில் ரைகிராஸைவிடப் பல மடங்கு எண்ணிக்கை இருக்கும். ஆனால் ரைகிராஸ் முதல் கிழமையிலேயே எழுந்து வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்வதால், எடையில் பாதிக்கு மேல் ரைகிராஸ் உள்ள கலவையில் கென்ரக்கி தலையெடுப்பது கடினம். மலிவுப் பைகளில் அனுவல் ரைகிராஸ் என்ற பெயர் இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வர வேண்டும். அது வேகமாகப் பச்சை காட்டிவிட்டு மாரியோடு செத்துப்போகும். நீலமாகவோ பச்சையாகவோ பூச்சுப் பூசிய விதையில், பையின் எடையில் ஏறத்தாழப் பாதிவரை வெறும் பூச்சாகவே இருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சின்ச் பூச்சித் தொல்லை உள்ளவர்கள் என்டோஃபைற் உள்ள விதை என்று கேட்டு வாங்க வேண்டும். இது ரைகிராஸிலும் ஃபெஸ்கியூ வகைகளிலும் இயற்கையாகவே வாழும் ஒரு நுண்பூஞ்சை. அது புல்லின் தண்டையும் இலையையும் பூச்சிக்குக் கசப்பாக்கிவிடுகிறது. கென்ரக்கி புளூகிராஸில் இது இல்லை. வேர் தின்னும் வெண்புழுவுக்கும் இதனால் பெரிய பாதிப்பில்லை. சேமிப்பில் பூஞ்சை செத்துவிடும் என்பதால் இந்த ஆண்டு விதையாகவே இருக்க வேண்டும்.

அளவும் கணக்கும்

கலவை விதைக்கு 100 சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 2 கிலோ என்பது மேல்விதைப்புக்குப் பொதுவான அளவு. தனிக் கென்ரக்கி என்றால் அதில் பாதியே போதும். டோல் ஃபெஸ்கியூ என்றால் 3 கிலோ வரை தேவை. முன்வளவு 12 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் கொண்டதாக வைத்துக்கொண்டால் 84 சதுர மீற்றர். அதற்குக் கலவை விதை 1.7 கிலோ. முற்றாக வெறுமையான திட்டுகளுக்கு மட்டும் இரட்டிப்பாகப் போடலாம். நிறையப் போட்டால் நிறைய வரும் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. நெருக்கமாக முளைத்த நாற்றுகள் ஒன்றையொன்று நெரித்து, ஈரத்தில் அழுகிச் சாயும்.

மண்ணைத் திறத்தல்

விதைப்பதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன் புல்லை வழமையைவிடத் தாழ்வாக, 4 முதல் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெட்ட வேண்டும். ஆண்டில் இந்த ஒரு தடவை மட்டுமே இவ்வளவு தாழ்வாக வெட்டுவதற்கு நியாயம் உண்டு. வெட்டிய புல்லை இம்முறை வாரி அகற்ற வேண்டும்.

அடுத்து, இரும்புப் பற்கள் உள்ள வாரியால் தரையை அழுத்தி வார வேண்டும். புல்லுக்கும் மண்ணுக்கும் இடையே செத்த தண்டும் வேரும் சேர்ந்து பஞ்சுபோன்ற ஒரு படை இருக்கும். அது ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் வாரியே போதும். அதற்கு மேல் தடித்திருந்தால், அதைக் கிழித்தெடுக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். வாரிய பின் தரை பரட்டைத் தலையாக, பார்க்கவே மனம் பதறும்படி இருக்கும். இடையிடையே மண் தெரிந்தால்தான் வேலை சரியாக நடந்திருக்கிறது.

மண் இறுகியிருந்தால் துளையிடுவதைத் தவிர்க்க முடியாது. ஆணி குத்திய சப்பாத்தோ முட்கரண்டியோ துளையைச் சுற்றியுள்ள களியை இன்னும் அழுத்தத்தான் செய்யும். மண்கட்டியையே உருளையாக வெளியே எடுத்துப் போடும் இயந்திரம் வேண்டும். கருவி வாடகைக் கடைகளில் அரைநாள் வாடகைக்குக் கிடைக்கும். பாரமானது என்பதால் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து எடுத்தால் தூக்கவும் ஆள் கிடைக்கும், செலவும் பங்காகும். முதல் நாள் தரையை நனைத்திருந்தால் குழல் 5 முதல் 8 சென்ரிமீற்றர் வரை இறங்கும். காய்ந்த களியில் அது துள்ளும். சேறான களியில் அடைத்துக்கொள்ளும். ஒரு திசையில் ஓட்டியபின் குறுக்காக இன்னொரு முறை ஓட்ட வேண்டும். அதற்குமுன் தண்ணீர்த் தெளிப்பான் தலைகளையும், ஆழமின்றிப் புதைக்கப்பட்ட இணைய வயர் போகும் இடத்தையும் சிறு கொடி குத்தி அடையாளப்படுத்திக்கொள்ளுங்கள். வெளியே விழுந்த மண் உருளைகளை அகற்றத் தேவையில்லை. காய்ந்ததும் வாரியின் முதுகால் தட்டினால் உதிர்ந்து விதைக்கு நல்ல படுக்கையாகும்.

விதைத்தலும் கூட்டெரு பரவலும்

விதையை இரண்டு சமபங்காகப் பிரித்து, ஒரு பங்கை வடக்குத் தெற்காகவும் மற்றதைக் கிழக்கு மேற்காகவும் தூவ வேண்டும். இல்லையென்றால் கோடு கோடாக முளைக்கும். தள்ளிச் செல்லும் விதைதூவி இருந்தால் நல்லது. சிறிய முற்றத்துக்குக் கையால் சுழற்றும் தூவியே போதும். காற்றில்லாத காலைநேரத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

தூவியபின் வாரியைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல இழுத்தால் விதை மண்ணோடு சேரும். அதன்மேல் சலித்த கூட்டெருவை மெல்லிதாக, அரை சென்ரிமீற்றரிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் வரை பரவ வேண்டும். மேலே சொன்ன 84 சதுர மீற்றருக்கு ஒரு கன யார் கூட்டெரு வாங்கினால் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் தடிப்புக்கு வரும். பரவி முடித்ததும் பழைய புல்லின் நுனிகள் கூட்டெருவுக்கு மேலே தெரிய வேண்டும். புல்லே மறைந்துவிட்டால் போட்டது கூடிவிட்டது என்று அர்த்தம். சில மாநகரசபைகள் வசந்தத்தில் கூட்டெருவை இலவசமாக வழங்கும் நாட்களை அறிவிக்கின்றன. அப்போதே வாங்கி மூடி வைத்துக்கொள்ளலாம். கறுப்பு மண் என்று பையில் விற்பதைவிட, நன்கு மக்கிய இலைக் கூட்டெருவே களிமண்ணுக்கு நெடுங்காலப் பலன் தரும்.

மூன்று கிழமை ஈரம்

ஈரம் பட்டு விதையின் முளை வெளியே வந்துவிட்டபின் ஒருமுறை முற்றாக உலர்ந்தால், அந்த விதை செத்தது செத்ததுதான். மறுபடி நனைத்து எழுப்ப முடியாது. ஆகவே முதல் இரண்டு கிழமைகளுக்கு மண்ணின் மேல் ஒரு சென்ரிமீற்றர் எந்நேரமும் ஈரமாக இருக்க வேண்டும். இதற்கு ஆழமான நீர் தேவையில்லை. காலை, நண்பகல், பிற்பகல் என்று நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் ஐந்து முதல் பத்து நிமிடம் மென்மையாகத் தெளித்தால் போதும். நீர் தேங்கி ஓடினால் விதையும் சேர்ந்து ஓடி, ட்ரைவ்வே ஓரத்தில் குவிந்து முளைக்கும். வேலைக்குப் போகிறவர்கள், குழாயில் பூட்டும் பற்றரி நேரக்கருவி ஒன்றை வாங்கிக்கொள்வது விதைக்குக் கொடுக்கும் காசைவிடப் பயனுள்ளது.

ஒரு கிழமையில் பச்சை தெரியும். அது ரைகிராஸ். அதைக் கண்டு தண்ணீரை நிறுத்திவிட்டால், இன்னும் மண்ணுக்குள் இருக்கும் கென்ரக்கி விதை அங்கேயே மடிந்துவிடும். கலவை விதை போட்ட பலருக்கு மறு ஆண்டு ரைகிராஸ் மட்டுமே தூர் தூராக நிற்பதன் காரணம் இதுதான். மூன்றாம் கிழமையிலிருந்து தடவைகளைக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் கூடுதலாக நீர் விட்டு, கடைசியில் கிழமைக்கு 2.5 சென்ரிமீற்றர் என்ற வழமையான அளவுக்கு வர வேண்டும். இந்த அளவைத் தெரிந்துகொள்ள, வெறும் மீன் ரின் இரண்டு மூன்றைத் தரையில் வைத்து, அவற்றில் 2.5 சென்ரிமீற்றர் நீர் சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

முதல் வெட்டும் இலைகளும்

புதுப்புல் 8 அல்லது 9 சென்ரிமீற்றரைத் தொட்டதும், தரை உலர்ந்திருக்கும் ஒரு நாளில், நன்றாகத் தீட்டிய அலகால் 6 சென்ரிமீற்றருக்கு வெட்ட வேண்டும். மழுங்கிய அலகு இளநாற்றை வெட்டாமல் பிடுங்கிவிடும். அதுவரை பிள்ளைகளையும் நாயையும் அந்தப் பக்கம் விடாமலிருப்பது நல்லது.

ஒக்ரோபரில் மேப்பிள் இலைகள் விழத் தொடங்கும். ஈர இலைகள் இரண்டு மூன்று நாள் அப்படியே மூடிக் கிடந்தாலே இளம்புல் மஞ்சளாகிவிடும். வாரும்போதும் இரும்பு வாரியைத் தவிர்த்து, விசிறி வடிவ இலைவாரியால் மேலோட்டமாக வார வேண்டும். இலைகள் குறைவாக இருந்தால் புல்வெட்டியாலேயே பொடியாக்கித் தரையிலேயே விட்டுவிடலாம்.

பசளையும் மாரிக்கு முந்திய வேலையும்

பசளைப் பையில் உள்ள மூன்று எண்களில் முதலாவது நைதரசனின் நூற்றுவீதம். ஒரு தடவைக்கு 100 சதுர மீற்றருக்கு அரைக் கிலோ நைதரசன் என்பதே பொதுக்கணக்கு. முதல் எண் 20 என்றால் 100 சதுர மீற்றருக்கு 2.5 கிலோ பசளை, நமது 84 சதுர மீற்றருக்கு 2.1 கிலோ. புது நாற்று ஓரிரு முறை வெட்டப்பட்ட பின் இதில் பாதியளவு போடலாம். முக்கியமானது, ஒக்ரோபர் கடைசியில் அல்லது நவம்பர் தொடக்கத்தில், புல் வளர்வதை நிறுத்தியும் இன்னும் பச்சையாக இருக்கும்போது போடும் பசளை. இலைக்கு வேலையில்லாத அக்காலத்தில் அது வேரிலும் தண்டடியிலும் சேமிக்கப்பட்டு, வசந்தத்தில் வேறு பசளை இல்லாமலே புல்லைப் பச்சையாக்கும். நிலம் உறைந்தபின் போட்டால் மழையோடு வடிகாலுக்குத்தான் போகும்.

மாரியில் ட்ரைவ்வேயிலிருந்து தள்ளும் பனியோடு உப்பும் புல்லின்மேல் குவிகிறது. நடைபாதைக்கு உப்புக்குப் பதில் மணல் போடுவது, பனியை ஒரே ஓரத்தில் குவிக்காமல் பரவலாகத் தள்ளுவது ஆகிய இரண்டும் பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தும்.

வசந்தம்

பனி உருகியதும், வட்ட வட்டமாகச் சாம்பல் அல்லது வெளிர்சிவப்பு நிறத்தில் புல் ஒட்டிக் கிடப்பது பனிப்பூஞ்சை. தரை காய்ந்தபின் மெல்ல வாரிக் காற்றுப் படவிட்டால் பெரும்பாலும் தானே தேறிவிடும். காலடி பதியும் அளவுக்கு மண் ஈரமாக இருக்கும்போது தரையில் இறங்கக்கூடாது. இலையுதிர்காலத்தில் பாடுபட்டுத் திறந்த மண் ஒரே மாலையில் இறுகிவிடும். உப்பு பட்ட ஓரங்களை ஏப்ரலில் இரண்டு மூன்று முறை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

கிராப்கிராஸைத் தடுக்கச் சோளக் குளூற்றன் தூள் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஃபோர்சிதியாச் செடி மஞ்சளாகப் பூக்கும் காலத்தில், களை முளைக்குமுன் அதைப் போட வேண்டும். அது முளைக்கும் எல்லா விதைகளின் வேரையும் தடுக்கும். புல்விதை, களைவிதை என்று பிரித்துப் பார்க்காது. ஆகவே அதைப் போட்ட இடத்தில் ஆறு கிழமைகளுக்குப் புல்விதை போடக்கூடாது. ஒரே சனிக்கிழமையில் இரண்டையும் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிறவர்கள் உண்டு. கடையில் யாரும் தடுத்துச் சொல்வதில்லை. டன்டிலையனுக்கு மழைக்கு மறுநாள் நீண்ட பிடியுள்ள களைபிடுங்கியும், அதிகமாகப் பரவியிருந்தால் இரும்புச் சத்தை அடிப்படையாகக் கொண்ட தெளிப்பும் உதவும். புதுப்புல்லைக் குறைந்தது மூன்று முறை வெட்டிய பிறகே அந்தத் தெளிப்பைத் தொட வேண்டும். வெள்ளைக் குளோவரை நான் களையாகக் கருதுவதில்லை. காற்றிலிருந்து நைதரசனை எடுத்து மண்ணுக்குத் தருகிறது, ஓகஸ்ட் வறட்சியிலும் பச்சையாக நிற்கிறது.

கோடை

ஜூன் முதல் புல்லை 7 அல்லது 8 சென்ரிமீற்றர் உயரத்திலேயே வைத்திருக்க வேண்டும். உயர்ந்த புல் தன் நிழலால் மண்ணைக் குளிர்விப்பதோடு களைவிதைக்கு வெளிச்சத்தையும் மறைக்கும். ஒரு தடவையில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. விடுமுறைக்குப் போய் வந்து முழங்கால் உயரப் புல்லைக் கண்டால், சில நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவையாகக் குறைக்க வேண்டும். ரொறன்ரோவில் 20 சென்ரிமீற்றருக்கு மேல் புல்லை வளரவிடுவது மாநகரசபை விதிக்கு முரணானது என்பதால், போகுமுன் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போவது நல்லது. வெட்டிய துண்டுகளைத் தரையிலேயே விடுங்கள். ரொறன்ரோ மாநகரசபை அவற்றைக் குப்பையோடு எடுப்பதும் இல்லை. அவை மக்கிக் கணிசமான நைதரசனைத் திருப்பித் தருகின்றன.

ஜூலையிலும் ஓகஸ்டிலும் மழையில்லாமல் புல் பழுப்பானால் அது செத்துவிட்டதாகப் பதற வேண்டியதில்லை. குளிர்நாட்டுப் புல் வெப்பத்தில் உறங்கும். நான்கு ஐந்து கிழமைகள் அப்படியே இருந்துவிட்டு மழை வந்ததும் எழும்பும். அந்நேரம் இரண்டு வழிகளில் ஒன்றைத் தெரிவுசெய்து அதிலேயே நிற்க வேண்டும்: கிழமைக்கு ஒருமுறை அதிகாலையில் ஆழமாக நீர் விட்டுப் பச்சையாகவே வைத்திருக்கலாம், அல்லது உறங்கவிட்டு, இரண்டு மூன்று கிழமைக்கொருமுறை ஒரு சென்ரிமீற்றர் நீர் மட்டும் விட்டு உயிரைக் காப்பாற்றலாம். நினைத்தபோது எழுப்பி மறுபடி காயவிடுவது சேமிப்பைக் கரைத்துப் புல்லைக் கொல்லும். சென்ற இலையுதிர்காலத்தில் விதைத்த புல்லுக்கு வேர் இன்னும் ஆழமில்லாததால், முதற்கோடையில் முதலாவது வழியே பொருத்தம். உறங்கும் புல்லின்மேல் பசளை போடுவதும், விருந்துக்காகக் கூடாரம் அடித்து நாள்முழுக்க மிதிப்பதும் கூடாது.

இவ்வளவும் செய்தபின்னும் சில இடங்களில் புல் பிடிக்காது. நோர்வே மேப்பிளின் அடியில் அடர்ந்த நிழலோடு, மண்ணின் மேற்பரப்பிலேயே பின்னிக் கிடக்கும் வேர்களும் நீரையெல்லாம் உறிஞ்சிவிடும். வீட்டுக்கும் வேலிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வடபுறமும் அப்படித்தான். நிழலுக்கான ஃபைன் ஃபெஸ்கியூவை இரண்டு இலையுதிர்காலங்களில் முறையாக விதைத்தும் நிற்கவில்லையென்றால், அங்கே மரச்சில்லுகளைப் பரவிவிட்டு, நிழலில் வளரும் ஹொஸ்ராவோ பன்னமோ நட்டுவிட வேண்டும். மரத்தின் அடித்தண்டில் முட்டாமல் ஒரு சாண் விலக்கி, 5 முதல் 8 சென்ரிமீற்றர் தடிப்புக்குச் சில்லு போட்டால் போதும். வேரின்மேல் மண்ணை உயர்த்திக் கொட்டினால் புல்லோடு மரமும் போய்விடும்.